நாலாவது முயற்சியில் பாய் உடையவில்லை: வீட்டில் செய்த குதிக்கும் வீடியோ கேம்

போன ஞாயிறு சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை எங்கள் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் ஏழு பிள்ளைகள் மாறி மாறிக் குதித்தும், மிதித்தால் வீடியோ கேமில் பட்டன் அழுத்திய மாதிரி வேலை செய்யும் என் பாய் உடையவில்லை. இதற்கு முன்னால் மூன்று தடவை தோற்றிருக்கிறேன், அதனால் சூட்டோடு எழுதி வைத்துவிடுகிறேன். யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் நான் விட்ட காசை அவர்களாவது விடாமல் இருக்கட்டும்.

கதை மே மாத லீவில் ஆரம்பித்தது. மகளுக்கு ஒன்பது வயது, லீவுக்கு வந்திருந்த தங்கச்சி மகனுக்கு ஐந்து. சென்னை வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் வெளியே விட முடியாது, உள்ளே இருந்தால் டேப்லெட். டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தோம், இரண்டு நாள் தாங்கியது. சரி, விளையாடத்தான் போகிறார்கள் என்றால் காலால் விளையாடட்டும், அப்படியே நல்ல சாப்பாடு, தண்ணீர் குடிப்பது, வாய்ப்பாடு என்று நாலு விஷயத்தையும் நுழைத்துவிடலாம் என்று நினைத்தேன். கடைசியில் சொன்னதில் பாதியை நானே வெளியே எடுக்க வேண்டி வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் முயற்சிக்கு ஒரு பைசா செலவில்லை. கட்டளைக் கட்டைகளை அடுக்கிப் பிள்ளைகளே கேம் செய்யும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் வீடியோ சென்சிங் என்று ஒரு நீட்டிப்பு இருக்கிறது. லேப்டாப் கேமரா முன்னால் ஏதாவது அசைந்தால் அது ஒரு எண்ணைத் தரும், அந்த எண் 10-ஐத் தாண்டினால் பொம்மை குதிக்கும்படி வைத்தேன். அரை மணி நேர வேலைதான். ஓடவிட்டால் யாருமே நிற்காத ஹாலில் பொம்மை தானாகக் குதிக்கிறது. ஃபேன் காற்றில் ஆடிய திரைச்சீலைதான் விளையாடிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் ஃபேனை நிறுத்து என்று யாரிடம் சொல்வது? எண்ணை 40-க்கு ஏற்றினேன். திரைச்சீலை அடங்கியது, கூடவே பையன் குதிப்பதும் பதிவாகவில்லை. 25 வைத்தால் இரண்டும் ஓரளவு சரியாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மகள் சோபாவில் படுத்துக்கொண்டு கேமரா முன்னால் தலையணை உறையை ஆட்டிக்கொண்டே 300 பாயின்ட் எடுத்திருக்கிறாள். கேமரா யோசனையை அன்றைக்கே மூட்டை கட்டினேன்.

காலை வைத்தால்தான் வேலை செய்ய வேண்டும் என்றால் தரையில் சுவிட்ச் வேண்டும். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. பண்டாய் கம்பெனி 1986-லேயே ஜப்பானில் ஃபேமிலி டிரெய்னர் என்று ஒரு பாயை விட்டது, 1988-ல் அதுவே அமெரிக்காவுக்கு பவர் பேட் என்ற பெயரில் போனது. 1998-ல் கொனாமி கம்பெனியின் நடன மேடை வந்தது. பவர் பேடில் ஓட்டப் பந்தயத்தைக் கையால் தட்டியும், நீளம் தாண்டுதலில் பாயை விட்டு இறங்கி நின்று நிதானமாக மறுபடி ஏறியும் அந்தக் காலப் பிள்ளைகள் ஜெயித்திருக்கிறார்கள். இதை நான் பாய் செய்த பிறகுதான் படித்தேன். முன்னாலேயே படித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம்.

இரண்டாவது முயற்சி சமையலறை அலுமினிய ஃபாயில். பாயில் நாலு கட்டம். கட்டத்துக்கு இரண்டு அட்டை, இரண்டிலும் ஃபாயில் ஒட்டி, நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்ச். மிதித்தால் ஓட்டை வழியே இரண்டு ஃபாயிலும் தொட்டுக்கொள்ளும், காலை எடுத்தால் விலகும். ஃபாயில் 85 ரூபாய், ஸ்பாஞ்ச் 120. மிதியைக் கீபோர்டு விசை அழுத்தியதாக லேப்டாப்புக்குச் சொல்ல, ரிச்சி ஸ்ட்ரீட்டில் 450 ரூபாய்க்கு ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்று வாங்கிவந்தேன். அங்கேதான் முதல் தப்பு. ஊனோவை லேப்டாப்பில் செருகினால் அது தன்னைக் கீபோர்டாகக் காட்டிக்கொள்ளாது, அதற்கென்று இருக்கும் கீபோர்டு லைப்ரரியைப் போட்டால் கம்பைலே ஆகாது, அதாவது போர்டில் ஏற்றும் வடிவத்துக்கே மாறாது. யுஎஸ்பி வேலையை நேரடியாகச் செய்யும் ஏடிமெகா 32யூ4 சிப் உள்ள போர்டு வேண்டும், அதாவது லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ. வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். மறுபடி போய் 520 ரூபாய்க்கு ப்ரோ மைக்ரோ வாங்கினேன்.

போர்டுக்கான கோடு (நிரல்) இருபது வரிதான். வயர் சேரும் நாலு பின்னையும் உள்ளிருக்கும் புல்-அப் போட்டு, அதாவது சும்மா இருக்கும்போது மின்னழுத்தத்தில் நிற்கும்படி வைத்து, மிதியால் பின் கிரவுண்டோடு (பூஜ்ய வோல்ட் முனை) சேர்ந்தால் அந்தக் கட்டத்தின் எழுத்தை அழுத்து, விட்டால் விடு. எந்த எழுத்து என்பதில்தான் வினை. விளையாட்டுக்காரர்கள் வழக்கப்படி டபிள்யூ, ஏ, எஸ், டி என்று வைத்திருந்தேன். ஸ்பாஞ்ச் மட்டமானது, ஐம்பது மிதிக்குப் பிறகு அமுங்கிய இடம் எழும்பவில்லை, வலது கட்டம் அழுந்தியபடியே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து மனைவி அதே லேப்டாப்பில் ஆபீஸ் மெயில் எழுத உட்கார்ந்தாள். 'டி' என்ற எழுத்து மட்டும் நாலு பக்கத்துக்கு. என்ன ஏது என்று புரியாமல் அவள் லேப்டாப்பையே மாற்றச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே இரண்டு மாற்றம்: எழுத்துகளுக்குப் பதில் அம்புக்குறி விசைகள், பாயையே அணைக்க ஒரு சின்ன டாகிள் சுவிட்ச். இப்படி விடாமல் தட்டச்சு செய்யும் போர்டில் புதுக் கோடு ஏற்றுவதும் தலைவலி. ரீசெட் பின்னைக் கிரவுண்ட் பின்னோடு ஒரு வயரால் இரண்டு முறை சட்டென்று தொட்டால் எட்டு விநாடி சும்மா இருக்கும், அந்த எட்டு விநாடிக்குள் ஏற்ற வேண்டும். மூன்று தடவை தவறவிட்டு நாலாவது தடவை பிடித்தேன்.

ஃபாயில் பாய் மொத்தம் ஒன்றரை மணி நேரம் உயிரோடு இருந்தது. பிரித்துப் பார்த்தால் குதிகால் பட்ட இடமெல்லாம் ஃபாயில் கிழிந்து, இரவு மிச்சமான பரோட்டாப் பொட்டலம் மாதிரி கசங்கிக் கிடந்தது.

கிழியாத அலுமினியம் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யோசித்தபோது திருவல்லிக்கேணியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பரின் ஞாபகம் வந்தது. ஆஃப்செட் அச்சில் ஒரு வேலை முடிந்ததும் அதற்குப் பயன்பட்ட அலுமினியத் தகட்டைப் பழைய சாமான் விலைக்குத்தான் போடுவார்கள். 56-க்கு 67 செ.மீ. அளவு, 0.3 மி.மீ. கனம், ஒன்று 60 ரூபாய் என்று மூன்று வாங்கினேன். ஒரு தகட்டில் 28 செ.மீ. சதுரம் நாலு வெட்டலாம். வெட்டுவதற்குக் கத்தரி வேண்டாம்: ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கட்டர் பிளேடால் அழுத்தி நாலைந்து முறை கீறி, கீறிய இடத்தில் முன்னும் பின்னும் மடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும். விளிம்பு மட்டும் பிளேடு. என் கட்டைவிரல் சாட்சி. முதலில் விளிம்பு முழுக்கத் துணி டேப் சுற்றிவிட்டு அப்புறம் அடுத்த வேலையைப் பாருங்கள்.

எல்லாம் வெட்டி, அடுக்கி, ஒட்டி, வயர் கொடுத்து மிதித்தால் ஒன்றுமே நடக்கவில்லை. மல்டிமீட்டரை, மின்சாரம் ஓடினால் சத்தம் போடும் பஸ்ஸரில் வைத்து ஒரே தகட்டின் இரண்டு மூலையில் தொட்டேன், சத்தமில்லை. அலுமினியம் மின்சாரம் கடத்தாதா என்ன? அரை மணி நேரம் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். விஷயம் என்னவென்றால் அச்சுத் தகடு வெறும் அலுமினியம் இல்லை. மை ஒட்டவும் தண்ணீர் நிற்கவும் மேல்பரப்பை அனோடைஸ் செய்து, அதாவது ஆக்சைடு அடுக்கு ஒன்றை உண்டாக்கி, அதன்மேல் நீலமாக ஒரு பூச்சும் பூசியிருப்பார்கள். அந்த ஆக்சைடு அடுக்கு மின்சாரத்தைத் தடுக்கும். பின்பக்கத்திலும் கொஞ்சம் இருந்தது. 100 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தேன். கால் எந்த இடத்தில் படும் என்று தெரியாதே, அதனால் ஒரு மூலையை மட்டும் தேய்த்தால் போதாது, முழுப் பரப்பையும் தேய்க்க வேண்டும். எட்டுத் தகடு, இரண்டு சாயங்காலம், பால்கனி முழுக்கச் சாம்பல் தூசி. மாஸ்க் போட்டுக்கொண்டேன். தேய்த்த பிறகு எங்கே தொட்டாலும் மீட்டர் கத்தியது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அடுத்தது வயர். அலுமினியத்தில் சாதாரண ஈயப் பற்று பிடிக்காது, உருண்டை உருண்டையாக ஓடிவிடும். மூலையில் 3 மி.மீ. துளை போட்டு, போல்ட், வாஷர், ரிங் லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்) வைத்து முறுக்கினேன். வயருக்கு வீட்டில் கிடந்த பழைய லேன் கேபிள். உள்ளே நாலு ஜோடி, எனக்கு வேண்டியதும் நாலு கட்டம்.

நடுவில் இடைவெளிக்கு ஸ்பாஞ்சை விட்டுவிட்டு ஜன்னல் ஓரத்தில் ஒட்டும் ஃபோம் டேப்புக்கு மாறினேன். 6 மி.மீ. கனத்தில் மகள் மிதித்தால் வேலை செய்தது, 16 கிலோ பையன் மிதித்தால் பத்துக்கு ஆறுதான். 3 மி.மீ. சரியாக வந்தது. ஓரத்தில் சுற்றி ஒரு வரி, நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஐந்து பொட்டு. நடுவில் பொட்டு இல்லாவிட்டால் மேல் தகடு தொங்கி, யாரும் மிதிக்காமலே தொட்டுக்கொள்ளும்.

மூன்றாவது முயற்சியான இந்தப் பாய் இரண்டு நாள் ஓடியது. அப்புறம் மேல் தகட்டில் குதிகால் குழி விழ ஆரம்பித்தது. தகடு மெல்லியது, வளைந்தது வளைந்தபடியே நிற்கிறது, கட்டம் மறுபடி அழுந்திய நிலை. இதற்குத் தீர்வு சொன்னது ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்காரர். "சார், தகட்டைச் சன்போர்டுல ஒட்டிருங்க, குழி விழாது" என்று 60 ரூபாய்க்கு 3 மி.மீ. சன்போர்டு (கெட்டியான பிளாஸ்டிக் ஃபோம் அட்டை) துண்டுகளைக் கொடுத்தார். மேல் தகட்டை அதன் அடியில் ஒட்டியதும் மிதித்த பாரம் பரவிவிட்டது, குழி நின்றது. மேல்விரிப்பாக ஒரு பழைய பேனரையும் சும்மாவே கொடுத்தார். யாரோ வீட்டுக் காதணி விழா, வரிசையாகத் தாய்மாமன்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பிள்ளைகள் அந்த முகங்களில் குறிபார்த்துக் குதித்தார்கள். பாவமாக இருந்தது, திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் அம்புக்குறி வரைந்தேன்.

இதில் ஒரு அபாயம் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஃபிளெக்ஸ் டைல்ஸில் வழுக்கும். முதல் நாளே பையன் பாயோடு சறுக்கி முழங்காலில் அடிபட்டது. நல்லவேளையாகத் தோல் கூடப் போகவில்லை. அடியில் போட ரப்பர் வலை விரிப்பு, 350 ரூபாய். மொத்தச் செலவில் இதை மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. வெறுங்காலில்தான் விளையாட வேண்டும், சாக்ஸ் கூடாது என்பதும் அன்றிலிருந்து சட்டம்.

இனி கேமுக்கு வருகிறேன். மேலிருந்து நாலு வரிசையில் சாமான் விழும். திரையின் கீழே உள்ள கோட்டைத் தொடும்போது அந்த வரிசைக்குரிய கட்டத்தில் குதித்தால் கூடையில் விழும். 90 விநாடி ஒரு ஆட்டம். கேரட், வெள்ளரிக்காய், வாழைப்பழம், சுண்டல் பிடித்தால் பாயின்ட் கூடும், சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் பிடித்தால் குறையும். இதில் என்ன கோளாறு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். சத்தங்களை நானே பதிவு செய்திருந்தேன். நல்ல சாமானுக்கு ஒரு மணி ஓசை, சிப்ஸுக்கு மைக் பக்கத்தில் வைத்து நொறுக்கிய அப்பளம். அந்த அப்பளச் சத்தம் பிரமாதமாக அமைந்துவிட்டது. விளைவு, ஐந்து வயதுக்காரன் மணி ஓசையைச் சீண்டவே இல்லை, ஆட்டம் முழுக்கச் சிப்ஸைத் துரத்தித் துரத்திப் பிடித்து மைனஸ் 70 எடுத்துவிட்டு "மாமா, நான்தானே ஃபர்ஸ்ட்?" என்கிறான். பாயின்ட் குறைந்தது என்று விளக்கினேன். அவனுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. சத்தம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று இரவு அப்பளச் சத்தத்தை எடுத்து வெள்ளரிக்காய்க்குக் கொடுத்துவிட்டு, சிப்ஸுக்குச் சத்தமே இல்லாமல் செய்தேன். கூடவே "காய்கறி உடம்புக்கு நல்லது" என்று ஆட்டத்துக்கு நடுவில் வந்துகொண்டிருந்த என் குரலையும் தூக்கினேன். அதை எப்படியும் இரண்டாவது நாளிலிருந்து மியூட் போட்டுத்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒருவரும் சிப்ஸைத் தொடவில்லை. வெள்ளரிக்காயை வீட்டிலும் சாப்பிட்டார்களா என்று கேட்டால், மகள் ஒரு நாள் கேட்டு வாங்கி, கேமில் வருகிற மாதிரி சத்தம் வருகிறதா என்று கடித்துப் பார்த்தாள். வரவில்லை என்று புகார்.

தில்லுமுல்லு ஒவ்வொன்றாக வந்தது. முதலாவது, கட்டத்தில் ஏறி அசையாமல் நிற்பது. விசையை அழுத்தியே வைத்திருந்தால் கம்ப்யூட்டர் அதைத் திரும்பத் திரும்ப அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது, பாயின்ட், ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடியது. காலை எடுத்த பிறகுதான் அடுத்த மிதி கணக்கு என்று ஸ்க்ராட்ச்சின் 'காத்திரு' கட்டை ஒன்றைப் போட்டு அடைத்தேன். இரண்டாவது, உட்கார்ந்துகொண்டு கையால் அடிப்பது. கட்டங்களுக்கு நடுவில் தூரத்தைக் கூட்டினேன், எதிரெதிர்க் கட்டங்களின் மையத்துக்கு மையம் 90 செ.மீ. மகள் நிறுத்திவிட்டாள். பையன் நாலு காலில் தவழ்ந்து அடிக்க ஆரம்பித்தான், ஆட்டம் முடிந்ததும் நாக்குத் தள்ளுகிறது. அதையும் உடற்பயிற்சி என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாய்ப்பாட்டுச் சுற்று. 7 பெருக்கல் 6 என்று திரையில் வரும், நாலு கட்டத்துக்கும் நாலு விடை, சரியானதில் குதிக்க வேண்டும். மகளும் எதிர்வீட்டுப் பெண்ணும் கை கோத்துக்கொண்டு நாலு கட்டத்தையும் ஒரே நேரத்தில் மிதித்தார்கள். இரண்டு விசை ஒன்றாக அழுந்தினால் கேள்வி ரத்து என்று மாற்றினேன்.

ஒரே மிதி இரண்டாக எண்ணப்பட்டதும் நடந்தது. தகடு தொடும்போது கொஞ்சம் நடுங்கும். 5 மில்லி விநாடி காத்திருக்கும்படி வைத்ததில் போதவில்லை, 40 வைத்ததும் சரியானது. இன்னொன்று, டிவியில் ஹெச்டிஎம்ஐ போட்டபோது குதித்துக் கொஞ்சம் கழித்துத்தான் திரையில் தெரிந்தது. கோடில் தப்பு என்று ஒரு ராத்திரி தேடினேன். டிவி செட்டிங்கில் கேம் மோடு போட்டதும் போய்விட்டது.

தண்ணீர் மட்டும் நான் நினைத்தபடியே வேலை செய்தது. மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பானை வந்து, 40 விநாடி எதுவும் ஓடாது. புத்திமதி எதுவும் கிடையாது. சும்மா நிற்க முடியாமல் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

கீழ் வீட்டுப் பாட்டி மூன்றாவது நாள் மதியம் மேலே ஏறி வந்தார். "தம்பி, கொழந்தைங்க வெளையாடட்டும், ஆனா நான் கண்ணயர்ற நேரத்துல தலைமேல இடி இடிக்குதுப்பா." அடியில் பழைய மெத்தையைப் போட்டுப் பார்த்தேன், கட்டங்கள் ஆடின, மிதி பதிவாகவில்லை. அதனால்தான் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கார் பார்க்கிங். டிவி கீழே வராது, லேப்டாப் திரை இரண்டு மீட்டரிலிருந்து சின்னதாகத் தெரிந்ததால் சாமான்களை எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். முதல் நாளே ஒரு பிள்ளையின் கால் கேபிளில் தட்டி ப்ரோ மைக்ரோவின் யுஎஸ்பி முனை போர்டிலிருந்து அடியோடு பெயர்ந்து வந்துவிட்டது. இன்னொரு 520. புதியதை வாங்கியதும் முனையைச் சுற்றி ஹாட் க்ளூ ஊற்றி, ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்து, இழுப்பு போர்டுக்குப் போகாதபடி கேபிளை டப்பாவில் கேபிள் டையால் கட்டினேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

உடற்பயிற்சி எவ்வளவு ஆகிறது என்று பார்க்க மகளின் மணிக்கட்டில் 15 விநாடி நாடி எண்ணினேன். முன்னால் 23, மூன்று ஆட்டம் முடிந்ததும் 36. நன்றாகவே மூச்சு வாங்குகிறது. ஆனால் கணக்கு வேறு இடத்தில் இடிக்கிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு பாய், ஏழு பிள்ளைகள், ஒரு மணி நேரம் என்றால் இறங்கி ஏறுவது போக ஆளுக்கு ஏழு நிமிடம்தான். மிச்ச நேரம் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்தேன். நிற்கவில்லை, தங்கள் முறை வரும் வரை தூண்களைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். பாயில் இருப்பவர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் வியர்த்தது.

செலவு மொத்தம் 2685 ரூபாய். போர்டு மூன்று 1490, தகடு 180, ஃபோம் டேப் 180, துணி டேப் 180, போல்ட் வகையறா 40, சன்போர்டு 60, ரப்பர் விரிப்பு 350, வீணான ஃபாயிலும் ஸ்பாஞ்சும் 205. ஊனோவும் உடைந்த ப்ரோ மைக்ரோவும் ஃபாயிலும் இல்லாமல் இருந்திருந்தால் 1510-ல் முடிந்திருக்கும்.

அடுத்த தடவை பாயை ஒரே துண்டாகச் செய்ய மாட்டேன். தகடு சுருட்டவும் வராது, இப்போது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நிற்க வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒரு போல்ட் தளர்கிறது. ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக, தனிக் கேபிளோடு, ரப்பர் அடியோடு இருந்தால் கெட்டுப்போனதை மட்டும் மாற்றலாம், சின்னப் பிள்ளைக்குக் கிட்டவும் பெரிய பிள்ளைக்குத் தள்ளியும் போடலாம். மூன்று தகட்டில் பன்னிரண்டு சதுரம் வெட்டியதில் எட்டுதான் செலவானது. மிச்சம் நாலு தேய்க்காமல் கிடக்கிறது, அதாவது இரண்டு கட்டத்துக்கு. பையன் ஊருக்குப் போய்விட்டான், நேற்று ராத்திரி போன் பண்ணினான். விஷயத்தைச் சொன்னதும் "ரெண்டே போதும் மாமா, நான் நொண்டி அடிச்சுக்கிறேன்" என்றான். இன்றைக்குச் சாயங்காலம் உப்புத்தாள் வாங்க வேண்டும்.